குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீர்: பகட்டு பற்றி நம்ம பழமொழிகள் சொல்லும் பாடம்

 

இன்னைக்கு நாம பார்க்கப் போறது சில பழமொழிகள். எல்லாமே ஒரே விஷயத்தைப் பற்றியவை. கையில் இருப்பதைவிட அதிகமா இருப்பதுபோல் காட்டிக்கிறது. பவுசு, ஜம்பம், டாம்பீகம், பந்தா, சீன் போடுறது... இதுக்கு நம்ம மொழியில் எத்தனை பேர் இருக்கு பாருங்க. அத்தனை பேர் இருக்குன்னா நோய் ரொம்பப் பழசுன்னு அர்த்தம்.

இதை நான் படிச்சுட்டுச் சொல்லலை, பட்டுட்டுச் சொல்றேன். அதனால முதல்ல என் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம். பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் எங்க அக்கா பொண்ணுக்கு மொட்டை, காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். அப்பா இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுறேன், சம்பளம் 24,000. அக்காவோட ஓரகத்தி பிள்ளைக்கு முந்தின வருஷம் காதுகுத்து நடந்தப்போ, அவங்க தம்பி 31 தட்டு சீர் கொண்டு வந்திருந்தார். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. "எங்க அக்கா அந்த வீட்டுல தலை குனியக் கூடாது"ன்னு முடிவு பண்ணி, 51 தட்டுன்னு எழுதினேன். செண்டை மேளம், டிரோன், பிளக்ஸ், பொண்ணுக்கு ஒரு பவுன் தோடு, அக்கா வீட்டுக்கு முழுக்கத் துணிமணி. மொத்தம் 1,95,000 ரூபாய்.

என் கையில் இருந்தது 25,000. தெரிஞ்சவர்கிட்ட மூணு வட்டிக்கு 60,000 வாங்கினேன். மீதி 1,10,000? அம்மா கழுத்தில் இருந்த நாலு பவுன் சங்கிலி. அப்பா வாங்கிக் கொடுத்தது. "ஆறு மாசத்துல மீட்டுடலாம்மா"ன்னு சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லாமக் கழட்டிக் கொடுத்தாங்க. விசேஷத்துக்குப் போட்டுக்க அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கினோம்.

ராத்திரி நான் செலவுப் பட்டியலைச் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தேன். திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா கண்ணைத் திறக்காமலே சொல்லுச்சு: "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீராடா பேராண்டி?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. கிழவிக்கு இந்தக் காலம் என்ன தெரியும்னு நினைச்சுட்டுப் படுத்துட்டேன். இப்போ அந்தப் பழமொழியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு

குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீர். கேப்பைக்கூழோ கம்பங்கூழோ, உழைக்கிறவங்க சாப்பாடு அது. பன்னீர் கல்யாண வாசலில் செம்பில் வெச்சுத் தெளிக்கிறது. வாயைக் கொப்பளிக்கத் தண்ணி போதும். அதுக்குப் போய்ப் பன்னீரைச் செலவழிக்கிறது எதுக்கு? குடிக்கிறது வீட்டுக்குள்ளே நடக்குது, கொப்பளிக்கிறது வாசலில் நாலு பேர் பார்க்க நடக்குது. அவ்வளவுதான் விஷயம்.

இதே அச்சில் வார்த்த இன்னொண்ணு: எடுக்கிறது பிச்சை, ஏறுறது பல்லக்கு. பல்லக்குத் தானா நகராது, தூக்க ஆள் வேணும். அந்தக் கூலியை யார் கொடுக்கிறது? நம்ம ஊர்ப் பக்கம் புழங்குற தெலுங்குப் பழமொழி ஒண்ணும் இருக்கு: பேரு பெத்த பேரு, தாக நீலு லேது. பேர் பெரிய பேர்தான், வீட்டில் குடிக்கத் தண்ணி இல்லை.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ரெண்டு ஒட்டாத விஷயத்துக்கு ஒரே நேரத்தில் ஆசைப்படுறவனைச் சொல்றதுன்னு நமக்குத் தெரியும். கொஞ்சம் நின்னு அந்த ஆளைப் பாருங்க. பசிக்குது, கூழ் வேணும். ஆனா கூழ் குடிச்ச அடையாளம் மீசையில் ஒட்டிடக் கூடாது. ஏன்னா மீசை கௌரவம். பசிச்ச மனுஷன் சாப்பாட்டை ருசிச்சுக் குடிக்காம மீசையைப் பிடிச்சுக்கிட்டே குடிக்கிறான். பாவமாத்தான் இருக்கு.

இந்த நாலு பழமொழியிலும் ஒண்ணைக் கவனிச்சீங்களா? எதுவும் கூழைக் கேவலமாப் பேசலை. ஏழையா இருக்கிறதைப் பார்த்துச் சிரிக்கலை. கூழுக்கும் பன்னீருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்துத்தான் சிரிக்குது. அப்பத்தாவும் என்னை "உன்கிட்ட காசில்லை"ன்னு குத்திக்காட்டலை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

பூனையும் சூடும்

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்டதாம். புலி உடம்பில் வரி இருக்கு, நமக்கும் வேணும்னு பூனை பழுக்கக் காய்ச்சின கம்பியால் இழுத்துக்கிட்டது. வரி வந்ததா? வந்தது தழும்பு. இதில் வேஷம் பொய், வலி மட்டும் நிஜம். நண்பன் வாங்கினான்னு மாசச் சம்பளத்தைவிட அதிக விலையில் போனைத் தவணைக்கு வாங்கிட்டு, பதினெட்டு மாசம் மதியச் சாப்பாட்டைக் குறைச்சுக்கிற தம்பிகளை நான் வேலை பார்க்கிற இடத்திலேயே பார்க்கிறேன். போன் பழசாயிடுது, தவணை மட்டும் புதுசாவே வந்துட்டு இருக்கும்.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கூட்டத்திலேயே கனமான பழமொழி இதுதான். இரவல் சீலை அழகா இருக்கும், ஆனா கொடுத்தவ சாயந்தரம் வந்து கேட்பா. கந்தை கிழிசல்தான், ஆனா அது நம்மது. பகட்டில் நாம இழக்கிறது இல்லாத பணத்தை இல்லீங்க, இருக்கிற கொஞ்சத்தை.

எங்க வீட்டுக் கந்தை என்னன்னு எனக்கு விசேஷத்தன்னைக்குத்தான் தெரிஞ்சது. மேளம் முழங்க 51 தட்டும் வரிசையா மண்டபத்துக்குள்ளே போச்சு. எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடிச்சாங்க. மருமகளை மடியில் வெச்சுக்கிட்டு நான் உட்கார்ந்தேன், ஆசாரி காது குத்தினார், பிள்ளை வீறிட்டு அழுதா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அம்மா மட்டும் ஓரமா நின்னாங்க. சேலை முந்தானையைக் கழுத்தைச் சுத்தி இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தாங்க. தை மாசக் காத்து, குளிருதுபோலன்னு நினைச்சேன்.

சாயந்தரம் பாத்திரம் எடுத்து வைக்கும்போது அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டா.

"அம்மா சங்கிலி எங்கடா?"

"கழுத்துலதான இருக்கு."

"கட்டிப் பிடிச்சப்ப என் கையில பட்டுச்சு. அது அப்பா வாங்குனது இல்லை. பொய் சொல்லாத."

நான் பதில் சொல்லலை.

"நான் உன்கிட்ட அம்பத்தோரு தட்டு கேட்டேனாடா தம்பி? ஊரு தட்டை எண்ணுச்சு. நான் இனிமே எப்பப் பார்த்தாலும் அம்மா கழுத்தைத்தான பார்ப்பேன்?"

யார் தலை குனியக் கூடாதுன்னு செஞ்சேனோ, அவ அழுதுக்கிட்டே பஸ் ஏறினா.

கணக்குச் சொல்லும் பழமொழிகள்

சில பழமொழிகள் கேலி பேசாம நேரா கணக்குச் சொல்லும். விரலுக்கேத்த வீக்கம் வேணும்பாங்க. அகலக்கால் வைக்காதேம்பாங்க. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்பாங்க. ஆனைக்குத் தீனி போடுறது கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கும் வண்டிக்கும் பேருக்கும் போடுற தீனி தெரியாது, மாசா மாசம் சத்தமில்லாமப் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஒண்ணு உண்டு. என் மருமகளுக்கு நிலைக்கப் போறது ஒரு பவுன் தோடு. அதைத் தூக்கிட்டு வந்த மேளமும் தட்டும் அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல.

திருக்குறளில் 48ஆவது அதிகாரம் வலியறிதல். அரசன் போருக்குப் போகும் முன்னாடி தன் பலத்தை அறியணும்னு சொல்ற இடம். அங்கேயே வள்ளுவர் வீட்டுக் கணக்குக்கும் வந்துடுறார். 478ஆவது குறள் சொல்றது: வருமானம் வர்ற வழி சின்னதா இருந்தாலும் கேடு இல்லை, போற வழி அகலமாகாம இருந்தாப் போதும். 479ஆவது குறள் சொல்றது: தன் அளவு தெரியாம வாழ்றவன் வாழ்க்கை, இருக்கிறது மாதிரியே தெரிஞ்சு, உள்ளே இல்லாமலே போயிடும். 475ஆவது குறள் நம்ம மயில் சம்பந்தப்பட்டது. மயிலிறகுதானே, கனமே இல்லையேன்னு அளவில்லாம ஏத்தினா, வண்டியோட அச்சே முறிஞ்சிடும்.

என் தட்டுகள் அப்படிப்பட்ட மயிலிறகுதான். ஒரு தட்டுக்குச் சராசரியா 1,200 ரூபாய். "ஒரு தட்டு கூடினா என்ன குறைஞ்சா என்ன"ன்னு ஒவ்வொண்ணாச் சேர்த்தேன். 51 தட்டுக்கு 61,200.

அச்சு எப்படி முறிஞ்சதுன்னும் சொல்லிடுறேன், சின்னத் தம்பி தங்கைகளுக்கு உதவும். "மூணு வட்டி"ன்னு கேட்க ரொம்பச் சின்னதாத் தெரியும். நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய்னு அதுக்கு அர்த்தம். அப்படின்னா வருஷத்துக்கு 36 சதவீதம். 60,000க்கு மாசம் 1,800 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். நகைக்கடனுக்கு மாசம் 1,100. ரூம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது போக எனக்கு மிஞ்சினது 7,000. அதில் 2,900 வட்டிக்கே போச்சு. கைக்கடனை அடைக்க 13 மாசம். அதுக்கப்புறம்தான் நகைக்கடன் அசலில் கை வைக்க முடிஞ்சது, அதுக்கு இன்னும் 18 மாசம். ஆக மொத்தம் 31 மாசம். வட்டி மட்டும் சுமார் 37,000 ரூபாய். அந்த 31 மாசமும் அம்மா கவரிங் சங்கிலியோடதான் ஊர் விசேஷங்களுக்குப் போனாங்க. கழுத்து அரிச்சுச் சிவந்து போயிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்குவாங்க. கேட்டா "வேர்க்குருடா"ம்பாங்க.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைன்னு ஒரு பழமொழி இருக்கு. அடுத்தவன் பொருளில் தனக்குப் புண்ணியம் தேடுறது. பிளக்ஸில் என் பேர், என் படம். தேங்காய் அம்மாவோடது.

ஒரு பழமொழியை மட்டும் பார்த்துப் பேசுங்க

அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். பகட்டுன்னு சொன்ன உடனே எல்லார் வாயிலும் வர்ற பழமொழி இது. ஆனா நம்ம விஷயத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. மத்த பழமொழிகளில் வர்றவனுக்குக் காசு இல்லை, இருப்பதா நடிக்கிறான். இதில் வர்றவனுக்கு நிஜமாவே வாழ்வு வந்திருக்கு.

குடை ஒரு காலத்தில் அந்தஸ்தின் அடையாளம். ராஜாவுக்கு வெண்கொற்றக்குடை. சில தெருக்களில் சில சாதி மக்கள் குடை பிடிக்கவும் செருப்புப் போடவும் கூடாதுன்னு தடுத்து வெச்சிருந்த கொடுமையும் நம்ம நாட்டில் நடந்ததுதான். அப்படி ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை படிச்சு, உழைச்சு, ஒரு கார் வாங்கினா அது நடிப்பு இல்லை, அவன் சம்பாத்தியம். அவன் முதுகுக்குப் பின்னாடி இந்தப் பழமொழியைச் சொல்றவனுக்குத்தான் ஏதோ உறுத்துது. அதனால இதை நான் யார் மேலயும் எறியறதில்லை. மத்த பழமொழிகளையும் கண்ணாடி மாதிரி எனக்கு நேரா மட்டும்தான் பிடிச்சுக்கிறேன்.

அப்போ நல்லா உடுத்தவே கூடாதா?

இந்தக் கேள்வி வரும். ஆள் பாதி, ஆடை பாதின்னு சொன்னதும் நம்ம பெரியவங்கதானே? ஆமாம். அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க: கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளிச்சுக் குடி. அந்தப் பழமொழியில் இருந்த அதே கூழு, அதே கந்தை இங்கேயும் வருது பாருங்க. கந்தையைத் துவைச்சுக் கட்டினா அது மரியாதை. கந்தையை எறிஞ்சுட்டு இரவலைக் கட்டினா அது பகட்டு. துவைச்சுக் கட்டினவளைத் தேடி யாரும் சாயந்தரம் வாசலுக்கு வர மாட்டாங்க.

எது மரியாதை, எது பகட்டுன்னு பிரிச்சுப் பார்க்க எனக்கு இப்போ ஒரே ஒரு கேள்விதான். நான் செய்யப் போற இந்தச் செலவால, வீட்டில் யாராவது எதையாவது மறைக்க வேண்டி வருமா? அன்னைக்கு அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டது குளிருக்கு இல்லைன்னு எனக்குப் புரிய ஒரு நாள் முழுக்க ஆச்சு.

பழனியில் நிற்கிறவன்

நம்ம பழனியாண்டவரை நினைச்சுப் பாருங்க. சாயரட்சையில் ராஜ அலங்காரம், தலையில் கிரீடம், பார்க்கக் கண் போதாது. அதே மூர்த்தி வேறொரு நேரத்தில் கோவணமும் தண்டமுமா ஆண்டியா நிற்கிறார். ரெண்டு கோலத்தையும் ஊர் முழுக்கப் பார்க்குது. ராஜாவா இருக்கும்போது ஆண்டிக்கோலத்தை அவர் மறைச்சு வைக்கிறதில்லை. ஆனா நம்மில் சிலர் "ஆண்டிக்கோலப் படத்தை வீட்டில் மாட்டினா காசு தங்காது"ன்னு ராஜ அலங்காரப் படத்தை மட்டும் தேடி வாங்குறோம். நானும் அப்படித்தான் வாங்கி வெச்சிருந்தேன்.

எங்க அப்பத்தா வயசு காலத்தில் பழனிக்கு வேண்டிக்கிட்டு மடிப்பிச்சை எடுத்திருக்கு. அப்போ வீட்டில் நாலு மாடு, களத்தில் நெல். இருந்தும் மஞ்சச் சேலை மடியை ஏந்தி ஏழு வீட்டு வாசலில் நின்னிருக்கு. வசதியான வீட்டுக்காரங்களும் செய்யற வேண்டுதல் அது. "எல்லாம் உள்ளவ எதுக்கு அப்பத்தா பிச்சை எடுத்த?"ன்னு கேட்டேன். "அவன் வாசலுக்குப் போறப்ப பவுசைக் கழட்டி வெச்சுட்டுப் போகணும்ல"ன்னு சொல்லுச்சு. அப்பத்தா எல்லாம் இருந்தும் பிச்சை எடுத்தது. அதே வாசலுக்கு நான் ஒண்ணுமில்லாமப் பல்லக்கில் போனேன்.

கடைசியா நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச பழமொழி: சட்டியில் இருந்தாத்தான் அகப்பையில் வரும். சஷ்டியில் விரதம் இருந்தா அகப்பையில் கரு வரும்னு இதுக்கு முருக பக்தர்கள் சொல்ற விளக்கத்தை நீங்க கேட்டிருப்பீங்க. விரதம் இருங்க, நல்லது. இன்னைக்கு மட்டும் அடுப்படி அர்த்தத்தையும் எடுத்துக்குங்க. இருக்கிறதைத்தான் பரிமாற முடியும். கொஞ்சமா இருந்தா கொஞ்சமாப் பரிமாறலாம், அதில் வெட்கம் இல்லை.

போன ஆவணியில் சங்கிலியை மீட்டுக் கொடுத்தேன். அம்மா ரெண்டு கையிலும் வாங்கி, சாமி படத்துக்கிட்ட வெச்சு எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. இந்தத் தை மாசம் அக்காவோட ரெண்டாவது பையனுக்கு மொட்டை, அதே பழனி அடிவாரம். இந்தத் தடவை ஒம்பது தட்டு. மேளம் இல்லை. மண்டப வாசலில் ஒரு பெரியப்பா மறிச்சுக் கேட்டார்: "என்னப்பா, போன தடவை அம்பத்தொண்ணு, இந்தத் தடவை ஒம்பதுதானா?"

வாய் காய்ஞ்சு போச்சு. ஏதாவது சாக்குச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் தோணினது நிஜம். திரும்பிப் பார்த்தேன். அம்மா தட்டு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்துட்டு இருந்தாங்க, முந்தானை ஒழுங்காத் தோளில் கிடந்தது.

"ஆமா பெரியப்பா, இப்ப என்னால முடிஞ்சது இவ்வளவுதான்"னு சொன்னேன்.

"அப்படியா, சரி சரி. பந்தி ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டுட்டு அவர் உள்ளே போயிட்டார்.

அவ்வளவுதாங்க. இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் 31 மாசம் வட்டி கட்டினேன்.

உங்க வீட்டில் தாத்தா பாட்டி சொல்ற இதுமாதிரி பழமொழி இருந்தா கேட்டு எழுதி வைங்க. அவங்க சொல்லும்போது சுருக்குன்னு இருந்தாலும் கோபப்படாமக் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!